தும்மல் ராஜா

எங்கள் குடும்பத்தில் யாரும் பொது இடத்தில் தும்முவதில்லை. கல்யாண மண்டபமோ, கோயிலோ, மூக்கில் அரிப்பு எடுத்தால் கட்டைவிரலை மேலுதட்டுக்கு மேலே வைத்து அழுத்திக்கொண்டு வெளியே போய்விடுவோம். என் மனைவி இதை மணமான வாரத்திலேயே கற்றுக்கொண்டாள். என் பிள்ளைகள் பேசத் தொடங்கும் முன்பே கற்றுக்கொண்டார்கள். காரணம் தெரியாதவர்கள் இதைப் பார்த்து வியப்பார்கள். காரணம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நான் இரண்டு வகையினரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றதில்லை. இப்போது சொல்கிறேன்.

என் பெயர் திருமூர்த்தி. கோயம்புத்தூரில் பம்பு செய்யும் குடும்பம் எங்களுடையது. கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சி சாலையில் இருக்கும் மயிலா பூங்காவைக் கட்டியவர் என் அப்பா சென்னியப்பன். மயிலாத்தாள் என்பது அம்மாவின் பெயர். போன நூற்றாண்டு முடியும் தறுவாயில் அப்பா அதைத் திறந்தபோது, பம்பு செய்கிறவனுக்கு ராட்டினம் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. தண்ணீரை மேலே ஏற்றத் தெரிந்தவனுக்கு அதில் படகு விடவும் தெரியும் என்று அப்பா பதில் சொன்னார்.

அந்தப் படகுதான் அதிசயக் குகை. எங்கள் மோட்டார் இறைக்கும் தண்ணீரில், எங்கள் பட்டறையில் வார்த்த படகில் பத்துப் பேர் உட்கார்ந்து இருட்டுக்குள் போவார்கள். யானை தும்பிக்கையைத் தூக்கும். புலி உறுமும். அருவி கொட்டும். கடைசியில் தர்பார். சிம்மாசனத்தில் ராஜா உட்கார்ந்திருப்பார். காற்றழுத்தத்தில் அவர் கை உயரும். "வருக, வருக. என் நாட்டில் பசித்தவர் இல்லை. சென்று வருக" என்பார். குரல் அப்பாவுடையது.

முகமும் அப்பாவுடையதுதான். எந்த ராஜாவின் முகத்தைச் செய்வது என்று மதுரையிலிருந்து வந்த சிற்பி கேட்டாராம். "எந்த ராஜாவப் போட்டாலும் ஒருத்தன் சண்டைக்கு வருவான். என்ற மூஞ்சியவே போட்டுருங்க" என்று அப்பா சொல்லிவிட்டார். முகத்தில் சாந்து பூசிக்கொண்டு அரை நாள் அசையாமல் படுத்திருந்தார். அச்சு எடுத்து, வார்த்து, வர்ணம் பூசி, மீசை வைத்து முடித்தபோது அது ராஜாவாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் அப்பா ராஜா என்று சொல்லிக்கொள்ள எத்தனை மகன்களுக்கு ஆதாரம் இருக்கிறது?

திறப்பு விழாவன்று முதல் படகில் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஏறினார்கள். நானும் அப்பாவும் தர்பாரின் ஓரத்தில் நின்றோம். ராஜா கையை உயர்த்தினார். வருக என்றார். சென்று வருக என்றார். கை கீழே இறங்கியது. இறங்கி முடிந்ததும் ராஜாவின் தலை பின்னால் போய், முன்னால் வந்து, மூக்கிலிருந்து காற்று சீறி, குகையே அதிரும்படி ஒரு தும்மல் வந்தது. முன்வரிசையில் இருந்த பஞ்சாயத்துத் தலைவரின் தோள்துண்டு பறந்து தண்ணீரில் விழுந்தது.

எல்லோரும் மிதந்து போகும் துண்டையே பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், தொட்டில் குழந்தைக்குச் சொல்வது போல, "நூறு" என்றார். குழந்தை தும்மினால் நூறு வயது இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே நூறு. படகு சிரித்த சிரிப்பு வெளியே பந்தல் வரைக்கும் கேட்டது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் இறுகி, ராஜாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த படகிலும் நூறு. மறுநாள் எல்லாப் படகிலும் நூறு. ஒரு மாதத்துக்குள் அப்பாவின் பெயர் சென்னியப்பன் இல்லை, தும்மல் ராஜா. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "தும்மல் ராஜா பையனுங்களா?" என்று மாமனார் என்னை வரவேற்றார். அந்தப் பெண்ணையே கட்டினேன். அவரை மட்டும் மன்னிக்கவில்லை.

இதில் விதியின் குசும்பு ஒன்று உண்டு. அப்பா சகுனம் பார்க்கிறவர். வாசல்படி இறங்கும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். இரட்டைத் தும்மல் என்றால் அது நல்லது; துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி போவார். பட்டறையில் யாருக்காவது ஜலதோஷம் என்றால் அன்று லோடு லாரி கிளம்புவது அந்த ஆளுடைய மூக்கின் கையில்தான். அப்படிப்பட்டவருடைய பொம்மை, வீட்டுக்குப் புறப்படும் ஒவ்வொரு படகுக்கும் ஒற்றைத் தும்மல் போட்டு அனுப்பியது.

சரி செய்யுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "அப்பறம் பாக்கலாம்" என்பார். அவர் காலமான பிறகு நானே செய்திருப்பேன். ஆனால் குகையில் ஒரு ஆணியை மாற்றுவதானாலும் இரண்டு மகன்களின் கையெழுத்தும் வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். என் தம்பி நடராசு கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. தும்மல் போனால் கூட்டம் போய்விடும் என்பான். குடும்ப மானத்தை நுழைவாயிலில் டிக்கெட்டாகக் கிழித்துக் கொடுக்கிறாயா என்று நான் கேட்பேன். "மானம் போயிருந்தா ஜனம் வருமாண்ணா?" என்பான். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பங்கும் கையெழுத்து உரிமையும் பூங்கா நிர்வாகமும் அவன் மகள் மிருதுளாவிடம் வந்தன.

போன ஆண்டு ஆனியில் மிருதுளா ஒரு பொறியாளரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பெயர் ஜெரோம், தூத்துக்குடிப் பையன், சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை. காபி வந்ததும் மிருதுளா, நான் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றும் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வேண்டாம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். பூங்காவுக்குக் கூட்டம் குறைந்துவிட்டது எனக்கும் தெரியும். ஓட்டுநர் இல்லாத பேருந்துகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நேராகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கொண்டுபோய் இறக்குகின்றன. அங்கெல்லாம் தனிக்காட்சி வந்துவிட்டது. நம் குகைக்கும் அதைக் கொண்டுவர வேண்டும் என்றாள்.

தனிக்காட்சி என்றால் என்ன என்று ஜெரோம் விளக்கினான். இருக்கையின் தலைசாய்ப்பில் ஒரு பட்டை இருக்கும். அது உட்காருகிறவரின் மனம் எதை எதிர்பார்க்கிறது, எதற்கு ஏங்குகிறது என்று உணர்ந்துகொள்ளும். மெல்லிய கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டால், அந்த மனதுக்குப் பிடித்த குகையை அது காட்டும். ஒரே படகில் பத்துப் பேர் போனால் பத்துக் குகை. யானைக்குப் பயப்படுகிறவருக்கு யானைக் குட்டி வரும். பயப்பட ஆசைப்படுகிறவருக்கு மதம் பிடித்த யானை வரும். முன்பு வந்தவர்களுக்கு அவர்கள் நினைவில் இருக்கும் குகையே வரும், இன்னும் அழகாக.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"ராஜா தும்முவாரா?" என்று கேட்டேன்.

"அது உங்க மனச வச்சுதான் சார். நீங்க தும்மக் கூடாதுன்னு நெனச்சா தும்ம மாட்டாரு. அவங்கவங்களுக்கு அவங்கவங்க ராஜா."

"புதுசா வர்றவங்களுக்கு?"

"அவங்களுக்குத் தும்மலே தெரியாதுல்லா. கம்பீரமா உக்காந்திருப்பாரு."

பேனாவைக் கொண்டுவரச் சொன்னேன். மிருதுளா வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சரிம்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்லைங்க பெரியப்பா. மூணு நாளாச் சண்டைக்கு ஒத்திகை பாத்துட்டு வந்தேன்."

ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். வயதானவன் என்றால் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவான் என்று. நான் பழையதைக் காக்கிறவன் இல்லை. பெயரைக் காக்கிறவன். இரண்டும் வேறு. ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பெயரின் மேல் விழுந்துகொண்டிருக்கும் தும்மலை ஒரு பட்டையும் கண்ணாடியும் துடைத்துவிடும் என்றால், ஒன்றுக்கு இரண்டாகக் கையெழுத்துப் போடுவேன். ஆனால் மிருதுளா காகிதத்தை நீட்டவில்லை. முதலில் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள் என்றாள். அவள் அப்பனைப் போலவே அவளுக்கும் அந்தத் தும்மலின் மேல் ஒரு சபலம் இருந்தது என்று எனக்குப் பட்டது.

சோதனைக்கு நீண்ட நினைவு உள்ளவர்கள் வேண்டும் என்று ஜெரோம் சொன்னதால் சுபைதா டீச்சரை வரவழைத்தார்கள். பொள்ளாச்சிப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குகைக்கு வந்தவர். என்னைக் கண்டதும் வணக்கம் சொல்லி, ராஜா நலமா என்று விசாரித்தார். என்னைக் கேட்கிறார் என்று நினைத்து, நலம் என்றேன். குகை ராஜாவைத்தான் கேட்டார் என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான்கு பேர் படகில் ஏறினோம். நான் முன்வரிசையில். அது என் இடம். எனக்கு அடுத்து மிருதுளா. பின்னால் டீச்சர். கடைசியில் ஜெரோம், அவன் மட்டும் கண்ணாடி இல்லாமல்.

குகைக்குள் நுழைந்ததும் என் யானை வந்தது. பழைய யானைதான், காதில் ஓட்டை இல்லை, துருவில்லை. அதே நேரம் மிருதுளா கலகலவென்று சிரித்தாள். என் யானை சிரிக்கும்படி எதுவும் செய்யவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து டீச்சர் யாரிடமோ, "உக்காரு கண்ணு, விழுந்துருவே" என்று மெதுவாகச் சொன்னார். என் பக்கம் புலி உறுமிக்கொண்டிருந்தது. மிருதுளா இப்போது அமைதியாக மூக்கை உறிஞ்சினாள். நான் என்ன என்று கேட்கத் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்தால் நான் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி இருந்தது.

தர்பார் வந்தது.

ராஜா உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து நின்றார். பொம்மை ஒருநாளும் எழுந்ததில்லை. பட்டு வேட்டி, மார்பில் சங்கிலி, சிற்பி ஒட்டிய நார் மீசை இல்லை, அப்பாவின் சொந்த மீசை. கையை உயர்த்தினார். "வருக, வருக. என் நாட்டில் பசித்தவர் இல்லை" என்றார். என் முதுகு தானாக நிமிர்ந்தது. இதைத்தான் திறப்பு விழாவில் ஊர் பார்த்திருக்க வேண்டும். சென்று வருக என்று சொல்லிக் கையை இறக்கினார்.

நான் காத்திருந்தேன். தும்மல் வரவில்லை.

பிறகு ராஜாவின் மூக்கு நுனி லேசாகத் துடித்தது. கண் கலங்கியது. கன்னம் சிவந்தது. அவர் மெதுவாகக் கையைத் தூக்கி, கட்டைவிரலை மேலுதட்டுக்கு மேலே வைத்து அழுத்திக்கொண்டார்.

அது அப்பாவின் பழக்கம் இல்லை. அது என்னுடையது. அப்பா வீட்டில் தும்மினால் பக்கத்து வீதி நாய் குரைக்கும். அவர் ஒருநாளும் எதற்காகவும் மூக்கைப் பிடித்ததில்லை. இங்கே எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். கிரீடம் நடுங்கியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. என்னையே பார்த்தார், பள்ளிக்கூடத்தில் வெளியே போக அனுமதி கேட்கும் பிள்ளை மாதிரி.

படகு தர்பாரில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"தும்முங்கப்பா" என்றேன்.

தும்மினார். என் முகத்தில் காற்று அடித்தது போலவே இருந்தது. வாயிலிருந்து என்னை அறியாமல் "நூறு" என்று வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை.

குகைக்குள் அந்தச் சொல் தனியாகப் போய் எதிரொலித்துத் திரும்பியது. கூடச் சொல்ல ஒருவரும் இல்லை. மிருதுளாவின் ராஜா இன்னும் பேசிக்கொண்டிருந்தாரோ என்னவோ, அவள் அசையவில்லை. டீச்சரும் அசையவில்லை. நூறு என்பது ஒருவன் மட்டும் சொன்னால் எவ்வளவு சின்னச் சொல் என்று அப்போது பார்த்தேன்.

கரையேறியதும் பூங்காவின் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்தோம். ஜெரோம் ஆர்வமாக ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். மிருதுளா நன்றாக இருந்தது என்றாள். என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முன்பெல்லாம் இந்தச் சாலையில் உட்கார்ந்தால், பக்கத்து மேசையில் யாராவது தும்மிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். நான் முறைத்ததும் நிறுத்துவார்கள். இன்று எங்கள் மேசையிலேயே பேச ஒன்றும் இல்லை. மற்ற பூங்காக்களிலும் இப்படித்தானா என்று ஜெரோமைக் கேட்டேன். எல்லோரும் நல்ல மதிப்பெண் போடுகிறார்கள், திரும்பத் திரும்ப வருகிறார்கள், ஆனால் வெளியே வந்தால் கொஞ்சம் அமைதியாகத்தான் இருப்பார்கள் என்று ஒப்புக்கொண்டான்.

சுபைதா டீச்சர் காபியைத் தொடவில்லை.

"ஏன் தம்பி, இன்னிக்குப் பாத்தது மறந்து போகுமுங்களா?" என்று ஜெரோமிடம் கேட்டார்.

எதற்குக் கேட்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. டீச்சர் சொன்னார். அவருடைய வகுப்பில் ரேணுகா என்று ஒரு பெண் இருந்தாளாம். வீட்டில் என்ன நடந்ததோ, பள்ளிக்கூடத்தில் வாயே திறக்க மாட்டாள். இரண்டு ஆண்டுகள் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. சுற்றுலாவில் குகைக்குக் கூட்டி வந்தார்கள். ராஜா தும்மினார். படகிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் நூறு என்று கத்தினார்கள். கத்திய பிறகுதான், தன் பக்கத்திலிருந்து வந்த குரல் யாருடையது என்று டீச்சர் கவனித்தாராம்.

"எல்லாரும் ஒட்டுக்காச் சொன்னதால அவளும் சொல்லிட்டா. தனியாச் சொல்லச் சொல்லியிருந்தா செத்தாலும் சொல்லியிருக்க மாட்டா. அந்த ஒரு நூறத்தான் நான் இத்தன வருசமா வெச்சிருந்தேன்."

"இன்னிக்கும் அத பாத்தீங்களா டீச்சர்?" என்றாள் மிருதுளா.

"பாத்தேன் அம்மிணி. இன்னிக்கு அவ என்கிட்ட நெறையப் பேசினா. அழகா, பாட்டுச் சொல்ற மாதிரி. இறங்கற வரைக்கும் பேசினா. நல்லாத்தான் இருந்துச்சு. இப்பக் கண்ண மூடினா அந்தப் பேச்சுத்தான் வருது. அந்த நூறு எப்படி இருந்துச்சுன்னு வர மாட்டேங்குது."

ஜெரோம் நாற்காலியில் நெளிந்தான். கடைசியாகப் பார்த்ததுதான் மனதில் மேலே நிற்கும், எல்லா நினைவுக்கும் அப்படித்தான் என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இது கொஞ்சம் சீக்கிரமா ஒட்டுது, உண்மையத்தான் சொல்லுதேன்" என்றான். கெட்ட பையன் இல்லை.

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். அப்பா வந்தார். கட்டைவிரலால் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார். விரலை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக் கூடத்தில் நின்று ஓடு அதிரத் தும்மிய அப்பாவை வரவழைக்க நான் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. வந்தார். ஆனால் இன்னும் நான்கு தடவை அந்தப் படகில் ஏறினால் வர மாட்டார் என்று தெரிந்தது. கம்பீரமான ஒருவர் மட்டும் இருப்பார். அவர் யார்? அவருக்கு நான் மகனா, என் மனதுக்கு அளவாக அவரைத் தைத்துக்கொண்ட தையல்காரனா?

மிருதுளாவிடம் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

அவள் கோபித்துக்கொண்டதில் தவறில்லை. குகையை இப்படியே வைத்துக்கொண்டு யாருக்குக் காட்டுவது, ராஜாவும் நீங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு பல நாட்கள் என்னுடன் பேசவில்லை. பூங்கா விவரங்களெல்லாம் என் மனைவி வழியாகத்தான் வந்தன. குழாய்கள் கசிகின்றன, பழையதை வைத்துக்கொள்வதானால் ராஜாவை முழுதாகப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டும், அதற்காவது பெரியப்பா சம்மதிப்பாரா என்று அவள் கேட்டதாக மனைவி சொன்னாள். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு மனைவியிடமே கொடுத்து அனுப்பினேன். மிருதுளா வீடு எங்கள் வீட்டை ஒட்டியதுதான்; ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டுதான் இந்தத் தூது.

ராஜாவைப் பிரித்தது யார் தெரியுமா? ஜெரோம்தான். ஒப்பந்தம் கைவிட்டுப் போன பிறகும் விடுமுறை போட்டுக்கொண்டு வந்து நின்றான். இந்த மெஷினைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை என்றானாம்.

ஒரு மதியம் மிருதுளாவே தொலைபேசியில் அழைத்தாள். உடனே வரச் சொன்னாள். பேசாமல் இருந்ததை அவள் மறந்துவிட்டது குரலிலேயே தெரிந்தது.

தர்பாரில் ராஜாவின் தலை தனியாகக் கழன்று ஒரு துணியின் மேல் கிடந்தது. அப்பாவின் முகம். நான் செருப்பைக் கழற்றினேன். ஜெரோம் கழுத்துக்குள்ளிருந்து எடுத்த ஒரு பித்தளைத் தட்டைக் காட்டினான். ராஜாவின் கையையும் தலையையும் எப்போது அசைப்பது என்று தீர்மானிப்பது அந்தத் தட்டுதான். சுற்றும்போது அதன் விளிம்பில் இருக்கும் மேடுகள் காற்றுக் குழாயைத் திறந்துவிடும். கை உயர ஒரு மேடு, இறங்க ஒரு மேடு.

"தும்மல் காத்துக் கசிவுன்னுதான் நானும் நெனச்சேன் சார். கசிவு இல்ல. அதுக்குன்னே ஒரு மேடு வச்சிருக்காங்க. பாத்தீங்களா, கைக்குப் போற குழாய் வேற, மூக்குக்குப் போற குழாய் வேற."

தட்டை வாங்கிப் பார்த்தேன். அடியில் எங்கள் பட்டறையின் முத்திரை இருந்தது. அரம் போட்டு ராவியிருந்த விதத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். அப்பாவின் கை. வேறு யாரையும் தொட விடாமல் இரவும் பகலும் அவரே உட்கார்ந்து ராவியிருக்க வேண்டும்.

"தாத்தாவே தும்ம வெச்சிருக்காருங்க பெரியப்பா" என்றாள் மிருதுளா.

 என் விரல் தட்டின் விளிம்பில் போய்க்கொண்டிருந்தது. தும்மல் மேட்டுக்கு அடுத்து, ஒரு விரல்கடை தள்ளி, இன்னொரு மேடு இருந்தது.

"இது எதுக்கு?"

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டோம்" என்று ஜெரோம் ராஜாவின் தலையைத் திருப்பி மூக்கைக் காட்டினான். மூக்கின் இரண்டு துவாரத்துக்கும் தனித்தனிக் குழாய். வலது துவாரம் திறந்திருந்தது. இடது துவாரம் சாந்தால் அடைத்து, மேலே வர்ணம் பூசியிருந்தது. முகத்தை மெருகேற்றும்போது சிற்பி ஓட்டை என்று நினைத்துப் பூசியிருப்பார். ராஜாவுக்கு ஐம்பது ஆண்டுகளாக மூக்கடைப்பு.

இரண்டு தும்மல். அப்பா வைத்தது இரண்டு தும்மல். வீட்டுக்குப் புறப்படுகிறவர்களை ஒற்றைத் தும்மலோடு அவர் எப்படி அனுப்புவார்?

அப்போது திறப்பு விழாவின் அந்த முகம் எனக்கு மறுபடி வந்தது. எந்தப் பட்டையும் கண்ணாடியும் இல்லாமல் வந்தது. இறுகிப்போய், ராஜாவையே வெறித்துக்கொண்டு. அது அவமானம் இல்லை. அவர் இரண்டாவது தும்மலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஏன் சரி செய்யவில்லை என்று மிருதுளா கேட்டாள். எனக்குத் தெரியும். சரி செய்ய வேண்டுமென்றால், தும்ம வைத்தவன் நான்தான் என்று அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அப்படிச் சொல்வது எங்கள் குடும்ப வழக்கம் இல்லை. அதற்குள் ஜனங்கள் நூறு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதுவும் அவருக்குப் பிடித்துப்போயிருக்கும்.

"இப்ப என்னங்க பண்றது? இருக்கறபடியே விட்டர்லாமுங்களா, தொறக்கலாமுங்களா?" என்றாள் மிருதுளா. "நீங்க சொல்றபடி செய்யலாமுங்க."

ஒரு கம்பி கொடுங்கள் என்றேன். ஜெரோம் ஏதோ மின்கருவியை நீட்டினான். வேண்டாம் என்றேன். என் அப்பாவின் மூக்கை நானே சுத்தம் செய்துகொள்வேன். துணியின் பக்கத்தில் உட்கார்ந்து, அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் குகையில் நடந்த முதல் வேலை அதுதான். மிருதுளா பார்க்காதது போல் நின்றாள்.

மறுதிறப்புக்கு அவள் வாசலில் ஒரு பலகை வைத்தாள். 'இந்தக் குகையில் எல்லோருக்கும் ஒரே ராஜா' என்று எழுதியிருந்தது. ஊரெல்லாம் ஆளுக்கொரு காட்சி வந்துவிட்ட காலத்தில் இது என்னடா புதுமை என்று பார்க்கவே கொஞ்சம் கூட்டம் வந்தது. நிலைக்குமா என்று தெரியவில்லை. சுபைதா டீச்சர் தன்னோடு ஒரு நடுவயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உடுமலையில் துணிக்கடை வைத்திருக்கிறாளாம். ரேணுகா என்று அறிமுகம் செய்தார். அந்த அம்மாள் கும்பிட்டாள், பேசவில்லை.

முதல் படகில் முன்வரிசையில் நான் உட்கார்ந்தேன், பக்கத்தில் மிருதுளா. யானை தும்பிக்கையைத் தூக்கியது. காதில் ஓட்டை இருந்தது. பத்துப் பேரும் அந்த ஓட்டையைப் பற்றியே பேசினார்கள். தர்பாரில் ராஜா உட்கார்ந்திருந்தார். வருக என்றார். சென்று வருக என்றார். கை இறங்கியது. தலை பின்னால் போய் முன்னால் வந்தது.

தும்மல்.

"நூறு" என்று படகு கத்தியது. பின்வரிசையிலிருந்து, கடைக்கார அம்மாளின் குரல் மற்றவர்களைவிட ஒரு நூல் உயரத்தில் கேட்டது. சுபைதா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே படகு வெளியேறும் பக்கம் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. முதுகை நிமிர்த்தி, முகத்தை இறுக்கி, ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தும்மல் வந்தது. இடது துவாரத்தில் நான் சுரண்டாமல் விட்ட சாந்துப் பொடியெல்லாம் அந்தக் காற்றோடு வந்து முன்வரிசையில், என் முகத்தில் கொட்டியது. என்ன சொல்வது என்று தெரியாமல் படகு விழித்தது. மிருதுளா "இருநூறு" என்றாள். அவளைத் தொடர்ந்து எல்லோரும் சொன்னார்கள்.

எனக்கு மூக்கில் அரிப்பு எடுத்தது. கட்டைவிரல் பழக்கத்தில் மேலே போனது. பாதியிலேயே அதைக் கீழே இறக்கினேன்.

தும்மினேன். படகு ஒருசேர எனக்கு நூறு சொன்னது. நான் நன்றி சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்ததற்காகத் தலையைப் பின்னால் சாய்த்துக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஒற்றைத் தும்மலோடு நிறுத்துவதில்லை.